வெள்ளைக்கோடு போட்ட மண்புழுக் குழி

மண்ணை நேசிக்கிறவர்களில் ஓர் இனம் உண்டு. மண் மட்டும் தம் மேலே படக்கூடாது, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் தோறும் ஒன்றிரண்டு மேய்கின்றன. மண்வள மன்றப் பொறுப்பாசிரியர் என்று பெயர். நீங்கள் பார்க்காமலா இருப்பீர்கள்? இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் "போட்டோ எடுக்க ஆள் ரெடியா?" என்ற கேள்வி, எடுத்து முடித்ததும் கை கழுவத் தண்ணீர்.

வேடசந்தூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் இந்த இனம் முழு வளர்ச்சி பெற்று நடமாடுகிறது. ஆரோக்கியதாஸ் சார். மன்றத்துக்கு உறுதிமொழி எழுதினார், தொப்பி தைத்தார், "மண்ணே நம் உயிர்" என்று பேனர் அடித்து அதில் மண்ணைவிடப் பெரிதாகத் தம் முகத்தைப் போட்டார். மண்புழு உரத்துக்குக் குழி தோண்டியதும் சாணி சுமந்ததும் பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பு யுவராணி ஆத்தூரில் உள்ள மாமா தோட்டத்திலிருந்து மண்புழுக்களைச் சட்டியில் கொண்டுவந்து விட்டாள். லீவு நாளிலும் வந்து, ஈரச்சாக்கு மூடி, தண்ணீர் தெளித்து, அந்தக் காய்ந்த பூமியில் அவற்றைக் கோடை தாண்ட வைத்தாள். புழு பெருகியது. ஆனால் தலைமையாசிரியைக்கு அந்த இடத்தில் சைக்கிள் ஷெட் போட ஆசை. "மன்றத்தப் பாக்க வர்ற அதிகாரி நல்லாருக்குன்னா குழி இருக்கட்டும். இல்லேன்னா மூடிருவோம்" என்று சொல்லிவிட்டார். யுவராணிக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரி வருகிற அன்று சார் விடியும்போதே ஆஜர். பெரிய மனிதர் வந்தால் பாதையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும். அது நம்மூர் சாஸ்திரம். வாட்ச்மேனை விட்டு வாசலில் தொடங்கி, கொடிக்கம்பத்தைச் சுற்றி, குழி வரைக்கும் கோடு போட வைத்தார். குழியருகே மூக்கைச் சுளித்தார். சாணி நாற்றமாம். பின்னே மல்லிகையா மணக்கும்? மீதிப் பவுடரைக் குழிக்குள்ளேயே தட்டி, மேலே தண்ணீரும் ஊற்றச் சொன்னார்.

யுவராணி ஓடி வந்தாள். "சார், புழு செத்துரும் சார்."

"ஏ புள்ள, கிருமிதான் சாகும். போய்த் தொப்பிய மாட்டு."

அதிகாரி வந்தார். மண்புழு உழவனின் நண்பன் என்று சார் தொண்டை கட்டும்வரை முழங்கிவிட்டு, யுவராணியைக் கிளறிக் காட்டச் சொன்னார். கிளறினாள். புழுக்கள் வெளுத்துச் சுருண்டு கிடந்தன.

"என்ன சார், ஒண்ணும் அசையலையே?" என்றார் அதிகாரி.

சார் கண்ணிமைக்கவில்லை. "அம்புட்டு ஒழுக்கம் சார். நம்ம மன்றம்ல?"

அதிகாரி சிரித்தார். "துளி நாத்தம் இல்ல. இப்படித்தான் வச்சிருக்கணும்" என்று பாராட்டி, போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போனார்.

யுவராணி தொப்பியைக் கழற்றினாள். தலைமையாசிரியையிடம் போய் நின்றாள். "குழிய மூடிருங்க டீச்சர்."

"ஏன்டி, அவருக்குப் பிடிச்சிருச்சே. குழி இனிமே இங்கதான்."

இப்போது அதைச் சுற்றி டைல்ஸ் பதிக்கிறார்கள். காலில் மண் ஒட்டக்கூடாதல்லவா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தப் போட்டோ உங்கள் செல்போனுக்கும்தான் வந்தது. குழிக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது யார்? அது கிடக்கட்டும். மழை விட்டதும் உங்கள் வாசல்படியில் ஒரு மண்புழு நெளிந்து ஏறினால் முதலில் எதைத் தேடுவீர்கள்? அந்த வெள்ளைப் பவுடர் டப்பா வீட்டில் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.