மதுரைக்குப் போன செப்புக்குடம்

எனக்குக் கோவையாக எழுத வராது. மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதன்பிறகு எழுதியதெல்லாம் பிள்ளைகளுக்குப் போட்ட கடிதாசிகள்தான். மறதியும் வந்துவிட்டது. குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்பது மத்தியானம் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தால்தான் தெரிகிறது. இப்படிப்பட்டவளிடம் எங்கள் மாதர் சங்கத்தார் வந்து, மலருக்காக "மறக்க முடியாத சந்தோஷமான பிரயாணம்" ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். யோசித்து யோசித்துப் பார்த்தேன். என் மாமனாரைக் கொல்லப் பார்த்த பிரயாணம் ஒன்றுதான் ஞாபகத்துக்கு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர்களின் முதல் பெரிய சண்டைக்கு மூன்று நான்கு வருஷம் முன்னால் நடந்தது. எனக்குப் பதினைந்து வயது. கல்யாணமாகி மூன்று மாதம். புகுந்த வீடு சேரன்மகாதேவிப் பக்கம், ஆற்றங்கரையிலே. மாமா சபையின் உபதேசியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார்கள். மற்ற ஆறு நாளும் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். தாமிரபரணியில் ஓடுவது மட்டும்தான் தண்ணீர், உலகத்தில் மற்றதெல்லாம் வெறும் ஈரம் என்பது அவர்கள் கட்சி.

அதை வெறும் வாய்ப்பேச்சு என்றும் சொல்வதற்கில்லை. பல வருஷத்துக்கு முன் ஒரு கூட்டத்துக்காக மதுரைக்குப் போனவர்கள், அங்கே ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நாற்பது நாள் படுக்கையில் கிடந்தார்களாம். சவப்பெட்டிக்குப் பலகைகூட அறுத்துவிட்டார்கள். மாமா பிழைத்துக்கொண்டதால், பலகை வீணாக வேண்டாம் என்று அத்தை அதில் கோழிக்கூடு செய்துவிட்டார்கள். (அந்தக் கூட்டைத் தினமும் சாயங்காலம் அடைக்கிற வேலை எனக்கு. அதனால் மதுரைத் தண்ணீர் என்றால் என்ன என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.)

அப்படியிருந்தும், புது மருமகளுக்கு மதுரையைக் காட்ட வேண்டும் என்று மாமாவுக்கு ஆசை வந்துவிட்டது. "நாயக்கர் மகால், கோபுரம், கல்தூணு எல்லாத்தையும் பாப்போம். பாக்கதுதான். கும்பிடப் போவல" என்று வீட்டில் அறிவித்தார்கள். மாமா, அத்தை, எங்கள் வீட்டுக்காரர், நான், பிறகு ஒரு செப்புக்குடம். குடத்தில் விடியற்காலை ஆற்றில் மொண்ட தண்ணீர். வாயில் வெள்ளைத்துணி வேடு கட்டி, மாமா தம் கையாலேயே அதை என் இடுப்பில் ஏற்றி வைத்தார்கள்.

"எம்மா, இந்தக் குடத்துலதான் என் உசுரு இருக்கு. பாத்துக்கோ."

அத்தை தம் பங்குக்குச் சொன்னார்கள்: "ஏட்டி, குடத்தைப் பாத்து நட. அங்கன இங்கன வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத."

நான் சொன்ன பேச்சுக் கேட்கிறவள். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு குடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மணியாச்சியில் வண்டி மாறும்போது ஒருவர் மோர் விற்கிறவள் என்று நினைத்து என்னிடம் செம்பை நீட்டினார். அன்று மத்தியானம் மதுரைச் சத்திரத்தில் மாமா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். சோறு வெந்தது மதுரைத் தண்ணீரில்தானே என்று அத்தை கேட்டதற்கு, "வெந்த பெறவு அது தண்ணியா? சோறுல்லா!" என்றார்கள். 

மறுநாள் காலை ஜட்கா வண்டி பிடித்துக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பினோம். எல்லாரும் மதுரையைப் பார்த்தார்கள். நான் குடத்தைப் பார்த்தேன். கோபுரங்களின் அடிவாரத்தை நான் நன்றாகச் சொல்லுவேன். வண்டிச் சக்கரங்கள், பூக்கூடைகள், புடவைக்கடை வாசல்படிகள், ஆயிரம் பேருடைய கால்கள். முழங்காலுக்கு மேலே மதுரை எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

நாயக்கர் மகாலுக்கு வந்தோம். அங்கேதான் அப்போது கோர்ட்டுக் கச்சேரி நடக்கும். அன்று லீவு நாள். மாமா ஒரு மடக்கு குடித்தார்கள். அத்தை வேடு துணியை மறுபடி கட்டாமலே குடத்தை என் இடுப்பில் வைத்துவிட்டு, காவல்காரர் சொல்லுகிற கதையைக் கேட்க மாமாவோடு முன்னால் போய்விட்டார்கள். நானும் தூண்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு பாதமும் எங்கள் வீட்டு அடுக்களை அகலம் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் என் பக்கத்தில் பைய வந்து நின்றார். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் அவர் என்னோடு பேசுகிற வழக்கமே இல்லை. மூன்று மாதத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"நிமிந்து பாரு பிள்ள. வானத்தக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு."

புருஷன் சொன்னால் பார்க்காமல் இருப்பேனா? நிமிர்ந்தேன். எங்கேயோ உயரத்தில் வட்டமாக ஒரு கூரை. அதில் பூவோ கொடியோ என்னவோ நிறமாகத் தெரிந்தது. தலை பின்னால் சாய்ந்தது. தலையோடு இடுப்பும் சாய்ந்தது. இடுப்போடு குடமும் சாய்ந்தது.

மாமாவின் உயிர் மகால் தரையில் ஓடியது. ஓடினதும் எந்தப் பக்கம்? நேரே மாமாவின் காலைப் பார்த்து. எங்கள் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை வீசிப் போட்டு, முழங்காலில் உட்கார்ந்து துடைத்தார்.

மாமா திரும்பிப் பார்த்தார்கள். "ஏலே, அங்கன என்னலே செய்யுத?"

"துண்டு விழுந்துட்டுப்பா."

"அத எடுக்க இம்புட்டு நேரமா?" என்று சொல்லிவிட்டு மாமா மறுபடியும் கதை கேட்கப் போய்விட்டார்கள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சொல்லிருவோமா?" என்று கேட்டார் அவர். "என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிருவாவ" என்றேன். அவர் துண்டைச் சுருட்டிக்கொண்டே வழி ஒன்று சொன்னார். வெறுங்குடமாக இருந்தால் தூக்கும்போதே தெரிந்துவிடும். கனத்துக்காக எந்தத் தண்ணீரையாவது நிரப்பிக்கொள்வோம். தெருவில் எல்லாரும் பார்க்க நான் கால் இடறி அதைக் கொட்டிவிட வேண்டும். இடறினவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. (அவர் பள்ளிக்கூட வாத்தியார். புத்திசாலி என்று நானும் நம்பினேன்.)

வேடு கட்ட நல்ல துணி வாங்கி வருவதாக அத்தையிடம் சொல்லிவிட்டு ஓடினோம். தெருமுனையில் ஒரு குழாய் இருந்தது. குழாயை நான் அன்றுதான் பார்க்கிறேன். "இது எந்த ஆத்துத் தண்ணிக்கா?" என்று அங்கே நின்ற பெண்பிள்ளையிடம் கேட்டேன்.

"ஆறாவது குளமாவது! குழாத் தண்ணிம்மா இது. பிடிச்சுக்கிட்டு நகருவியா, அம்புட்டுப் பேரு நிக்கிறோம்ல?"

ஆறே இல்லாத தண்ணீர்!  நிரப்பி, ஒரு முழத் துணியால் வேடு கட்டிக்கொண்டு வந்தோம்.

அதன்பிறகு நான் இடற வேண்டியதுதான் பாக்கி. புது மண்டபத்துக்குப் போகிற வழியெல்லாம் கல். இடறுவதற்கென்றே போட்ட மாதிரி. ஆனால் இரண்டு நாளாகச் சிந்தாமல் நடந்து பழகின காலாயிற்றே! கல்லைக் கண்டால் அதுவாகவே விலகிக்கொண்டது. எங்கள் வீட்டுக்காரர் பின்னாலிருந்து இருமினார். ஒரு தடவை இலேசாகத் தள்ளிக்கூடப் பார்த்தார். குடம் அசையவில்லை.

புது மண்டபத்தில் தையற்காரர்களும் கடைக்காரர்களுமாக ஒரே இரைச்சல். மாமா ஒரு தூணடியில் உட்கார்ந்தார்கள். "எம்மா, தண்ணி."

அத்தை குடத்தை வாங்கிச் செம்பில் ஊற்றிவிட்டார்கள்.  மாமா கண்ணை மூடி, தாகத்துக்குத் தந்ததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் கண்ணைத் திறந்துகொண்டே கோழிக்கூட்டை நினைத்தேன். ஒரு செம்பும் உள்ளே போயிற்று.

"ஆகா!" என்றார்கள் மாமா. "பாவநாசத்துப் பாறையில உருண்டு வந்த ருசி அப்படியே இருக்கு பாத்தியளா? ரெண்டு நாளாயும் அசையல. வே வண்டிக்காரரே, வாரும் இங்கன. ஆயுசுல ஒரு தடவையாவது தண்ணின்னா என்னன்னு குடிச்சுப் பாரும்."

ஜட்கா வண்டிக்காரர் இரண்டு கையையும் ஏந்திக் குடித்தார். வாயைச் சப்புக்கொட்டினார். புருவத்தைச் சுருக்கினார். "என்னாங்கய்யா இது, எங்க தெருக்குழாத் தண்ணி மாதிரியில்ல இருக்கு?"

"உம்ம நாக்கு செத்துப்போச்சுவே!" மாமாவுக்குக் கோபமான கோபம். "கழுத கண்டுச்சா கற்பூரத்த!"

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். என் சேலையெல்லாம் நனைந்திருப்பதைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் கையில் பிழிந்து சுருட்டின துண்டையும் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "இன்னொரு கை ஊத்துங்கய்யா... அட, ஆமா! எங்க தண்ணிக்கு இம்புட்டு ருசி ஏது!" என்றார். அந்த மனிதர் எங்கே இருந்தாலும் நன்றாயிருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஜெபித்து வருகிறேன்.

திரும்பின ரயிலில் நான் குடத்தைப் பார்க்கவில்லை. மாமாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மணியாச்சிக்குக் கிட்டே மாமா வயிற்றில் கையை வைத்து "யப்பா" என்றார்கள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்புறம் நீளமாக ஒரு ஏப்பம். "எளந்தயிரு ஜாஸ்தி" என்றார்கள் மாமா.

ஊருக்கு வந்ததும், குடத்தில் மீதி இருந்ததைக் கீழே கொட்டவேண்டாம் என்று எனக்கு உத்தரவு. "ஆத்துல கொண்டு விடும்மா. பாவம், ஊரச் சுத்திட்டு வந்துருக்கு. அது எடத்துக்கே போவட்டும்." ஊர் பேர் தெரியாத அந்தத் தண்ணீரை நான் தாமிரபரணியில் விட்டேன். யார் இடத்துக்கு யார் போனதோ!

மூன்று நாள் ஆயிற்று. மாமாவுக்கு ஒன்றுமில்லை. பயத்தில் எனக்குத்தான் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, எங்களுக்குத் தெரியாம மதுரத் தண்ணியக் குடிச்சியா?" என்று கேட்டார்கள்.

"நான் குடிக்கல அத்த, மாமாதான் குடிச்சாவ!" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

பிறகு எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். எங்கள் வீட்டுக்காரரும் ஓடி வந்து, "நான்தாம்பா குழாயில பிடிச்சேன்" என்றார். அத்தை சுவரைப் பார்த்தார்கள். மாமா எங்கள் இரண்டு பேரையும் ரொம்ப நேரம் பார்த்தார்கள். அம்மா வீட்டுக்கு எடுத்துப்போகச் சேலைகளைக்கூட நான் மனசுக்குள் மடித்து வைத்துவிட்டேன்.

மாமா சிரித்தார்கள். "பிள்ளைக்குக் காய்ச்சல்ல புத்தி பெரளுது. இவன் பொண்டாட்டிக்குப் பரிஞ்சு பொய் சொல்லுதான். ஏலே, என் நாக்குக்குத் தெரியாதா? நாக்கு கெடக்கட்டும், என் வயிறு சாட்சி சொல்லுதுல்லா! மதுரத் தண்ணியா இருந்தா நான் இப்ப இங்கன நிப்பனா?"

 ஒரு மணி நேரத்தில் என் காய்ச்சல் விட்டுவிட்டது.

அதன்பிறகு மாமா இருபது வருஷத்துக்குமேல் சுகமாக இருந்தார்கள், கடைசிவரை நம்பவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது ஒன்றை அடித்துச் சொன்னால், "வயிறு சாட்சி சொல்லுதோ?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் இருந்தவரை, நான் குடத்தை எடுத்தால் போதும், "நிமிந்து பாத்துராத பிள்ள" என்பார்.

மதுரைக்கு மறுபடி போக வாய்க்கவே இல்லை. மலரைத் திருத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மகால் கூரையை நான் ஒரு கண் சிமிட்டும் நேரம்தான் பார்த்தேன். அதில் இருந்தது பூவா, கொடியா, அல்லது என் பயத்தில் தெரிந்த ஏதாவதா என்று யாராவது அந்தப் பக்கம் போகும்போது சரிபார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கையில் குடம் இல்லாமல் போங்கள்.