டம்ளர் மழை

மழைமானிக்குள் எலுமிச்சை ஜூஸ் பெய்திருந்தது.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. மொட்டைமாடியின் நடுவில் கம்பீரமாக நின்ற தகரக் குழாய்க்குள், கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில், இளமஞ்சளாக ஜூஸ். அதில் ஒரு விதை வேறு மிதந்தது. தகவல் எப்படித்தான் போகுமோ, எறும்புகள் குடும்பத்தோடு கிளம்பி வந்துகொண்டிருந்தன.

"மேல என்ன பண்ற?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"துணி காயப் போடறேன்!"

"இன்னும் துவைக்கவே இல்லையே?"

"காயப் போட இடம் பாக்கறேன்!"

கீழே இருந்தவர் டீச்சரின் கணவர். தெருவில் அவருக்கு மழை சார் என்று பெயர். நீரியலாளர். ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது, ஏரியில் எவ்வளவு குறைகிறது, பெய்த மழையெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது என்று வேலை பார்த்த காலம் முழுக்க அளந்தவர். வெள்ளம் வந்தால் ஊரே ஆற்றை விட்டு வீட்டுக்கு ஓடும். அவர் வீட்டை விட்டு ஆற்றுக்கு ஓடுவார். மகள் பிறந்த அன்று ஏதோ ஓர் அணைக்கட்டின்மேல் நின்றுகொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்று வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் இருவருக்கும் ஓர் உண்மை உறைத்தது. "சாப்பிட்டாச்சா?" என்பதைத் தாண்டி அவர்களிடம் பேச்சே இல்லை.

அந்த நேரத்தில் கைகொடுத்தது உலக நீராய்வுச் சங்கம். பல தேசத்து நீரியலாளர்கள் சேர்ந்து நடத்துவது. தண்ணீரை ஆராயும் இளசுகளுக்கு உதவும். ஓய்வு பெற்ற பெரிசுகளையும் சும்மா விடாது. வீட்டில் ஒரு மழைமானி வைத்து தினமும் காலையில் அளவு சொன்னால் போதும், அது ஆராய்ச்சிக்குப் போகும். மழை சார் துள்ளிக் குதித்துச் சேர்ந்தார். மாடியில் மழைமானி வந்தது. மழைதான் வரவில்லை.

தினமும் காலையில் வாக்கிங் போய்விட்டு வந்து மாடி ஏறுவார். பார்ப்பார். முகம் தொங்க இறங்குவார். ஒரு வார்த்தை பேசாமல் உட்காருவார். பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், ஒருநாள் அவர் வருவதற்குள் டீச்சர் ஒரு டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுபோய் மழைமானியில் ஊற்றினார்.

அன்றைக்கு அவர் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். "ராத்திரி ஒரு தூறல் போட்டிருக்கு, தெரியுமா? நம்ம தெருவுல மட்டும்! மேகத்தோட ஓரம் இருக்கே, அது..." என்று ஆரம்பித்தவர், காபி ஆறியும் நிறுத்தவில்லை. மேகத்திலிருந்து ஆற்றுக்கு வந்தார். ஆற்றிலிருந்து அணைக்கட்டுக்கு வந்தார். மகள் பிறந்த அன்று தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் அழுதேன் என்றார். அது வரைக்கும் டீச்சருக்குத் தெரியாத சங்கதி அது.

அதற்குப் பிறகு எப்படி ஊற்றாமல் இருப்பது?

ஆறு வருடமாக அந்தத் தெருவில் டீச்சர் நினைத்த நாளெல்லாம் தூறல் விழுந்தது. உலகத்து நதிகளை எல்லாம் அளந்த மனிதர் ஒரு டம்ளர் தண்ணீரில் ஏமாந்துபோனாரே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் டீச்சர். விடையை மட்டும் பார்த்து எழுதிய பிள்ளைகளின் காதைத் திருகியவர். ஒவ்வொரு டம்ளருக்கும் தன் காதே எரிவதுபோல் இருக்கும். நிறுத்திவிடலாம் என்று நினைத்த நாளும் உண்டு. நிறுத்தினால் அவர் மறுபடி நாற்காலியில் போய் ஊமையாக உட்கார்ந்துவிடுவாரே. வாழ்நாளெல்லாம் கிடைக்காத பேச்சை ஒரு பொய்யை ஊற்றி வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று டீச்சருக்கு நன்றாகவே தெரியும்.

இப்போது அந்தப் பொய் பழுத்துவிட்டது. ஒருநாள்கூட விடாமல் அளவு சொன்னவர் என்று மழை சாருக்குச் சங்கம் ஒரு பித்தளைத் தகடு தரப்போகிறது. தகட்டோடு சங்கத்தின் துணைத்தலைவியே வருகிறார். அதுவும் இன்றைக்கு.

சேதி வந்ததிலிருந்து மழை சாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாவம், கடைசியாக ஒரு டம்ளர் ஊற்றிச் சந்தோஷப்படுத்திவிட்டு அத்தோடு நிறுத்திவிடலாம் என்று டீச்சர் காலையில் எழுந்தார். ஆனால் டம்ளரைக் காணோம். ஆறு வருடமாக மாடிப்படியின் முதல் படியில், கழுவிக் கவிழ்த்தபடி, கைக்கு எட்டும் இடத்தில் இருந்த டம்ளர். அவசரத்தில், கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியைக்கூடப் போடாமல் சமையலறை மேடையில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டுபோய் ஊற்றினார். விருந்தாளிக்காகப் பிழிந்து வைத்த ஜூஸ் அது.

டீச்சர் கீழே ஓடிவந்து அடுப்பில் வெந்நீர் வைத்தார்.

"இன்னும் கிளம்பலையா நீ?" என்று மழை சார் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். "உங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு சாயங்காலமா வாயேன்."

"விருந்தாளி வர்ற நேரத்துல வீட்டுக்காரி ஊர் சுத்தப் போவாளா?"

"இல்ல, எங்க பேச்செல்லாம் உனக்குப் போரடிக்கும்."

"போரடிச்சா போரடிக்கட்டும். சும்மாவே உக்காந்து எனக்குப் பழக்கம்தான்."

சொன்ன பிறகு டீச்சருக்கே சுருக்கென்றது. அவர் டீச்சரின் கை அலமாரியைத் துழாவுவதைப் பார்த்து, "என்ன தேடற?" என்றார்.

"டம்ளர்."

"எந்த டம்ளர்?" கேள்வி கொஞ்சம் வேகமாகவே வந்தது.

"ஏதோ ஒரு டம்ளர். போய் சட்டையை மாத்துங்க."

எறும்புகளுக்கு வெந்நீர்தான் சரி என்று டீச்சர் கணக்குப் போட்டார். கணக்கு சரி. மாடிக்குக் கொண்டுபோய் ஊற்றியதும் எறும்புகள் போயின. கூடவே "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. கோடு போட்ட குடுவை மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டு, கையோடு இரண்டாக வந்தது.

ஷோகேஸில் மகள் அனுப்பிய பூக்குவளை ஒன்று இருந்தது. நீளமாக, ஒல்லியாக, கிட்டத்தட்ட அதே ஜாடை. டீச்சர் அதை எடுத்து, ஸ்கேல் வைத்து, நீல ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டார். கணக்கு டீச்சர் போட்ட கோடு, இம்மி பிசகவில்லை. ஆனால் குழாய்க்குள் இறக்கியபோது குவளை பாதியில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அதன்மேல், மழைநீர் இறங்குவதற்கான புனலை வைத்தால், தொப்பியைச் சாய்த்துப் போட்ட ரவுடி மாதிரி மழைமானி டீச்சரைப் பார்த்தது. ஈரக் கையால் இழுத்ததில் கோடுகள் எல்லாம் விரலுக்கு வந்துவிட்டன.

வாசலில் மணி அடித்தது.

யோசிக்க நேரமில்லை. மாடிக் கதவைப் பூட்டினார். இறங்கி வந்தார். சாவியைச் சமையலறை ஜன்னல் வழியாகத் தெருப்பக்கம் வீசினார். எதிர்ப்பக்கத்தில் எங்கோ "டங்" என்று விழுந்தது. நீல விரல்களைத் துண்டில் துடைத்தபடி, சிரித்த முகமாகக் கூடத்துக்கு வந்தார்.

துணைத்தலைவி ஷூ காலோடு துறுதுறுவென்று நின்றார். "வணக்கம்மா! முதல்ல மழைமானியைப் பாத்துடலாம். சங்கத்தோட வழக்கம் அது. கண்ணால பாக்காம தகடு தரக்கூடாது."

"முதல்ல காபி!" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒற்றுமையாக அவர்கள் எதையும் சொன்னதில்லை.

காபி வந்தது. பிஸ்கட் வந்தது. டீச்சர் பிஸ்கட்டை இன்னொரு முறை நீட்டினார். மழை சார், துணைத்தலைவியின் விமானப் பயணத்தைப் பற்றி விசாரித்தார். முடிந்ததும் மறுபடி விசாரித்தார்.

"உங்க வீட்டுக்காரர் சாதாரண ஆளில்லம்மா," என்றார் துணைத்தலைவி. "இவர் சொல்ற அளவை நம்பித்தான் எங்க பசங்க ரெண்டு பேர் ஆராய்ச்சியே பண்றாங்க. இவர் அளவு தப்பாச்சுன்னா அவங்க படிப்பே போச்சு!"

நகைச்சுவையாகத்தான் சொன்னார். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. எந்த ஊரிலோ முகம் தெரியாத இரண்டு பிள்ளைகள் கண்விழித்து உட்கார்ந்து, தன்னுடைய டம்ளரைப் பெருக்கி வகுத்துக்கொண்டிருப்பது கண்ணில் தெரிந்தது. அவர்கள் காதை யார் திருகுவார்கள்? அதைவிட, தகட்டை வாங்கக் கைநீட்டும் நேரத்தில் இந்த மனிதர் தலைகுனிய வேண்டுமே. வாழ்நாளில் இவர் சம்பாதித்தது சொன்ன அளவு சரியாயிருக்கும் என்ற ஒரே ஒரு பேரைத்தான்.

துணைத்தலைவி எழுந்தார். "சரி, மாடிக்குப் போவோமா?"

"எதிர்வீட்டு மாடிக்குப் போகலாமே," என்றார் மழை சார் அவசரமாக. "அங்க காத்து நல்லா வரும்."

"காத்து பாக்க வரலியே சார்?"

எதிர்வீடு தையல்காரருடையது. கீழே கடை, மேலே குடித்தனம். மழை சார் வாக்கிங் என்று கிளம்பினால் அங்கேதான் நிற்பார். ஒரு துளி வேர்வை இல்லாமல் திரும்பி வந்து, தையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்பார். இந்த ஆறு வருடத்தில் அவரிடம் தைத்துக்கொண்டது ஒரே ஒரு பேன்ட். வீட்டில் வாய் திறக்காதவருக்கு அங்கே மட்டும் அப்படி என்ன பேச்சு என்று டீச்சருக்கு உள்ளூர ஓர் ஆதங்கம் உண்டு. இப்போது அதையெல்லாம் நினைக்க நேரமில்லை.

"மாடிச் சாவி தொலைஞ்சு போச்சு," என்றார் டீச்சர்.

"எப்போ?" என்றார் துணைத்தலைவி.

"இப்பத்தான்."

"தொலைஞ்சு போச்சா? ரொம்ப நல்லதாப் போச்சு!" என்று மழை சாருக்கு வாய் தவறிவிட்டது. "அதாவது... மெதுவா தேடிக்கலாம்னு சொன்னேன்."

அப்போது வாசலில் தையல்காரர் நின்றார். கழுத்தில் அளவு நாடா, கையில் சாவி.

"டீச்சரம்மா, இந்தச் சாவி பறந்து வந்து எங்க கடை வாசல் தகரக் கூரைமேல விழுந்துச்சு. உங்க சமையல்கட்டு ஜன்னல்லேருந்துதான் வந்துச்சு, நானே பாத்தேன். நல்லவேளை, தலையில விழல."

துணைத்தலைவி சாவியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், டீச்சரின் நீல விரல்களைப் பார்த்தார். மழை சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு பொய் ஏதாவது அகப்படுமா என்று டீச்சர் தேடினார். அகப்படவில்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அந்தத் தகட்டை இவருக்குக் குடுக்காதீங்கம்மா. ஆனா இவரைத் தப்பா நினைக்காதீங்க. இவர் அளந்தது மழை இல்ல. நான்தான் ஊத்தினேன்."

"என்னது?"

"ஆறு வருஷமா ஊத்தறேன். டம்ளர்ல மொண்டு. இன்னைக்கு ஜூஸ்." டீச்சர் கணவரைப் பார்க்காமல், அவர் காலைப் பார்த்துப் பேசினார். "உங்களை முட்டாளாக்கணும்னு பண்ணலைங்க. குடுவையில தண்ணி இருந்தாத்தான் நீங்க எங்கிட்ட பேசினீங்க. இல்லாத நாள்ல சும்மா உக்காந்துருப்பீங்க. எனக்கு வேற வழி தெரியல. வாயைத் திறந்து, 'கொஞ்ச நேரம் எங்கூடப் பேசுங்க'ன்னு ஒருநாள் கேட்டிருக்கலாம். அதைக் கேக்க முடியாம, உங்க பேரையே கெடுத்துட்டேன்."

மழை சார் நாற்காலியை விட்டு முன்னே வந்தார். வெள்ளத்தின் நடுவில் பதறாத மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. மெதுவாகச் பேன்ட் பைக்குள் கைவிட்டு, காலையில் காணாமல் போன டம்ளரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

டீச்சர் டம்ளரையே பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை.

துணைத்தலைவிக்கும் விளங்கவில்லை. "சார், அப்போ இத்தனை வருஷமா எங்களுக்கு வந்த அளவெல்லாம்?"

மழை சார் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் பொறுக்கமுடியாமல் ஓர் அடி உள்ளே வந்தார்.

"அட, இதுக்குப் போய் ஏன் டீச்சரம்மா அழறீங்க? நீங்க ஊத்தறது சாருக்கு அப்பவே தெரியும், நிஜமா அளக்கற மழைமானி எங்க மாடியிலதான் இருக்கு! உங்க வீட்டுல இருக்கறது நீங்க ஊத்தறதுக்குன்னே சார் விட்டுவச்சது, நீங்க நிறுத்திட்டா காலையில உங்ககிட்ட வந்து பேச அவருக்கு வேற சாக்கு இல்லையே!"