லூர்துவுக்குத் தெரியக் கூடாது

"கொஞ்சம் முனகுங்க, பாய்" என்றார் டாக்டர் இருதயமேரி, குரலைத் தாழ்த்தி. "லூர்து ஜன்னலோரமா நிக்கிறான்."

பரிசோதனைக் கட்டிலில் மல்லாந்து கிடந்த முகம்மது கனி விழித்தார். பாலக்கரையில் தோல் மண்டி வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு ஒரு நாள்கூட நோயென்று படுத்தவரில்லை. முனகிப் பழக்கமே கிடையாது. ஏலம் கேட்கிற குரலில், "ஐயோ!" என்றார்.

"இவ்வளவு சத்தமா வேணாம். வயித்துவலிக்காரர் மாதிரி முனகுங்க."

"காரைப் பார்க்க வந்தவனுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? நேரா ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தா என்ன?"

"பார்த்தா லூர்துவுக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா அவன் மனசு உடைஞ்சுபோயிடும். முனகுங்க!"

கனி பாய் முனகினார்.

மேலப்புதூரில் டாக்டர் இருதயமேரிக்கு அப்படியொரு பெயர் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுகிறவரின் முகத்தைப் பார்த்தே இன்ன நோய் என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்தப் பத்தாவதை அவர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கார் அவருடைய அப்பா காலத்தது. கறுப்பு நிறம். யுத்தத்துக்கு முன்னால் கப்பலில் வந்தது. அதைப் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறவன் லூர்து. காலையில் முன்பக்கத்து ஓட்டையில் ஹேண்டிலைச் செருகி, சுற்று சுற்று என்று சுற்றி, வியர்த்து வழிந்த பிறகுதான் அது இருமிக்கொண்டு எழுந்திருக்கும். புதன்கிழமை ஸ்ரீரங்கம், சனிக்கிழமை லால்குடி. ஆஸ்பத்திரி இல்லாத தெருக்களுக்கும் கிராமங்களுக்கும் டாக்டரம்மா போய்வருவது அதில்தான்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, கார் கொள்ளிடத்துப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. லால்குடியில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டிருந்தது. டாக்டரம்மா லூர்துவைப் பையோடு கூட்டிக்கொண்டு மழையில் டோல்கேட் வரை நடந்து, அங்கே ஒரு மாட்டுவண்டியைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. எப்படியோ பிழைக்க வைத்துவிட்டார். ஆனால் கையைக் கழுவும்போது ஒரே யோசனை. இன்னும் கால்மணி தாமதமாகியிருந்தால்?

வண்டியைக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தார். நல்ல வேளையாக, நாலு வருஷத்துக்கு முன் பதிவு செய்திருந்த புதுக் காருக்கு முறை வந்துவிட்டதாக மதராஸிலிருந்து கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் பதில் எழுதாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். ஷெட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம். பழையது போனால்தான் புதியது வரமுடியும்.

எல்லாம் சரி. லூர்து?

"வண்டியைக் கொடுத்துடலாமா, லூர்து?" என்று ஒரு நாள் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்த்தார். அவன் கையிலிருந்த ஹேண்டில் நழுவி விழுந்தது.

"நெசமாவாம்மா?" என்றான். குரல் தழுதழுத்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

முகத்தைப் பார்த்தே நோயறிகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? "சேச்சே, சும்மா சொன்னேன்! இதைப் போயி விப்பாங்களா?" என்று உடனே பேச்சை மாற்றினார். அன்று லூர்து மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை.

"பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்கான், தைரியராஜ்" என்றார் டாக்டரம்மா கம்பவுண்டரிடம். "அவனுக்குத் தெரியாம வித்துடணும். வித்தப்புறம் மெல்ல எடுத்துச் சொல்லிக்கலாம்."

"அதை எங்கிட்ட விடுங்கம்மா" என்றார் தைரியராஜ். எதையும் தன்னிடம் விடச் சொல்கிற மனிதர் அவர். கனி பாயை நோயாளியாகப் படுக்க வைத்தது அவருடைய யோசனைதான்.

"இவரு நடக்கக் கூடாது, லூர்து. நம்ம வண்டியிலேயே வீட்டுல விட்டுட்டு வந்துடு" என்று வெளியே வந்து சொன்னார் டாக்டரம்மா. கனி பாய் வயிற்றைப் பிடித்தபடி ஏறினார். ஓட்டிப் பார்த்ததாகவும் ஆயிற்று, ஒருவருக்கும் சந்தேகமும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து லூர்து திரும்பினான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அம்மா, அந்த பாய்க்கு வயித்துவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வயித்துவலிக்காரரு கிளட்ச் வழுக்குதான்னு கேப்பாராம்மா? வேணும்னே ஊரைச் சுத்திப் போகச் சொன்னாரு. இறங்கி டயரை உதைச்சுப் பார்த்தாரு. நான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். 'பாய், இந்த வண்டி மேல கண்ணு வைக்காதீங்க. நான் இருக்கற வரைக்கும் இது அம்மா வீட்டை விட்டுப் போகாது'ன்னு."

"போ, போயி முதல்ல சாப்பிடு" என்று அவனை அனுப்பிவைத்தார் டாக்டரம்மா.

அதோடு முடியவில்லை. டாக்டரம்மாவே தன் காரைக் கொடுத்து அனுப்பினார் என்றால் கனி பாய்க்கு எவ்வளவு பெரிய வியாதியாக இருக்க வேண்டும் என்று பாலக்கரை பேச ஆரம்பித்தது. மறுநாள் கனி பாயின் மனைவி நஜீமா, இரண்டு நாத்தனார்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதாள். "எத்தனை நாள் தாங்கும்னு மட்டும் சொல்லிடுங்க, டாக்டரம்மா!" மண்டிக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள்கூட ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்தக் காரின் பேச்சே வேண்டாம் என்று கனி பாய் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

லூர்துவின் சந்தேகத்தைப் போக்க வேண்டுமே! டாக்டரம்மா அன்றிலிருந்து வண்டியைப் புகழ ஆரம்பித்தார். மேட்டில் அது முக்கினால், "என்ன இழுவை பாரு, லூர்து!" என்பார். பள்ளத்தில் குதித்துத் தலை கூரையில் இடித்தால், தலையைத் தடவிக்கொண்டே, "இது மாதிரி வண்டி இனிமே எவன் செய்யப்போறான்?" என்பார். மழை ஒழுகி மடி நனைந்தால் அதற்கும் ஒரு நல்ல வார்த்தை வைத்திருந்தார்.

லூர்து ஒரு பெருமூச்சு மட்டும் விடுவான். நிறுத்திய இடத்தில் இறங்கி, பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பான். அதைப் பார்க்கப் பார்க்க டாக்டரம்மாவுக்கு மனம் இளகியது. கொள்ளிடத்துப் பாலம் ஞாபகம் வரும்போது மறுபடி இறுகியது.

"லூர்துவை ஊருல இல்லாமப் பண்ணிடுங்க" என்றார் தைரியராஜ். "லால்குடி செல்லக்கண்ணு வண்டி கேட்டுக்கிட்டிருக்காரு. மூணு நாள் போதும். முடிச்சுடுறேன்."

பதினெட்டு வருஷத்தில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு என்பதை லூர்து பார்த்ததில்லை. "குடும்பத்தோட வேளாங்கண்ணி போயிட்டு வா. எனக்காகவும் வேண்டிக்கோ" என்று டாக்டரம்மா சொன்னதும் அவன் அவர் முகத்தையே பார்த்தான்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையேம்மா?"

"எனக்கென்ன? கல்லு மாதிரி இருக்கேன். போயிட்டு வா."

அவன் பஸ் ஏறிய மறுநாள் காலையில் செல்லக்கண்ணு வந்தார். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கிவிட்டு, மாட்டுவண்டியோடு நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார். வெள்ளந்தியான மனிதர். காரை ஒருமுறை சுற்றி வந்தார். ஹாரனை அமுக்கினார். அது கத்தியதும் சிரித்தார். அவ்வளவுதான், பிடித்துவிட்டது.

"ஓட்டிக் காட்டுங்க, கம்பவுண்டர் ஐயா."

தைரியராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஹேண்டிலைச் செருகினார். "இதுல என்ன இருக்கு? லூர்து சும்மா பெரிய வித்தை மாதிரி காட்டுவான்" என்றார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. மூன்றாவதில் ஹேண்டில் எதிர்ப்பக்கமாகத் திருப்பி அடித்தது. தைரியராஜ் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்த நோயாளிகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. டாக்டரம்மா அரைமணி நேரத்தில் மாவுக்கட்டுப் போட்டு முடித்தார்.

"பரவாயில்லீங்க, மாடு இருக்குதுல்ல?" என்றார் செல்லக்கண்ணு. "கட்டி இழுத்துட்டுப் போயிடுறேன். ஊருக்குப் போயி ஆளை வச்சு ஓட்டிக்கலாம்."

வண்டியிலிருந்து மாடுகளை அவிழ்த்து, நுகத்தடியைக் கயிற்றால் காரின் பம்பரோடு பிணைத்தார்கள். டாக்டரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தார். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி தைரியராஜ் வழிகாட்டினார். நோயாளிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கார் ஷெட்டை விட்டு ராஜகம்பீரமாக வெளியே வந்தது. தெருக்கதவைத் தாண்டும்போது எதிரே ஒரு ரிக்ஷா வந்து நின்றது.

லூர்து இறங்கினான். பின்னால் அவன் மனைவி பாக்கியமேரி, கையில் டிரங்குப் பெட்டியோடு.

"தஞ்சாவூரைத் தாண்டலைம்மா. மனசு கேக்கலை" என்றவன், மாடுகளைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் டாக்டரம்மாவைப் பார்த்தான். உதடு துடித்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!"

ஆயிரம் நோயாளிகளிடம் தயங்காமல் உண்மை சொன்ன டாக்டரம்மாவால் அந்த முகத்திடம் சொல்ல முடியவில்லை.

"ரிப்பேருக்கு, லூர்து! ரிப்பேருக்குத்தான் போகுது!"

"மாடு கட்டியா?"

"கம்பவுண்டர் கையைப் பார்த்தியா? வேற வழி? நீ வர்றதுக்குள்ள புதுசு மாதிரி பண்ணி வச்சிடலாம்னு நினைச்சேன். உனக்குத் தெரியக் கூடாதுன்னு பார்த்தேன்."

லூர்து கயிற்றை இழுத்துப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டான். கார் வாங்க வந்த செல்லக்கண்ணு, தன் மாட்டைக் கட்டி அதைப் புத்தூர்ப் பட்டறை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு, என்ன நடந்தது என்று புரியாமலேயே லால்குடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

சொன்ன வாய்க்கு ரிப்பேர் செய்தாக வேண்டுமே! என்ஜினைக் கழற்றி அடியோடு பார்த்தார்கள். கூரைக்குப் புதுத் துணி, உடம்புக்குப் புதுக் கறுப்புப் பெயிண்ட். பதினைந்து நாள் டாக்டரம்மா லால்குடிக்குப் பஸ்ஸில் போனார். பஸ் எந்தப் பாலத்திலும் நிற்கவில்லை.

கார் திரும்பி வந்தபோது கல்யாண மாப்பிள்ளை போல் மின்னியது.

"பார்த்தியா, லூர்து! இன்னும் பத்து வருஷத்துக்கு அசையாதுன்னு மேஸ்திரி சத்தியம் பண்ணியிருக்காரு. பத்து வருஷம்!" என்றார் டாக்டரம்மா.

லூர்து மட்கார்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். நாற்பத்தைந்து வயது ஆள், தோள் குலுங்கக் குலுங்க அழுதான்.

டாக்டரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் இவன் தன்னை ஒரு நாளாவது வாசலில் காக்க வைத்திருக்கிறானா? கொள்ளிடத்து மழையில் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தவன் யார்? அவனை அழவைத்துவிட்டு வாங்குகிற புதுக் கார் தனக்கு எதற்கு? என்ஜின்தான் இப்போது சரியாகிவிட்டதே! உள்ளே போய் மேஜைமுன் உட்கார்ந்தார். புதுக் கார் தனக்குத் தேவையில்லை, தன் முறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்று மதராஸுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். தைரியராஜ் இடது கையால் அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

டாக்டரம்மாவுக்கு மனம் லேசாக இருந்தது. ஒரு மனிதனின் முகத்தைச் சரியாகப் படித்து, அதற்குச் சரியான மருந்தும் கொடுத்தாகிவிட்டது.

மறுநாள் பகலில், நோயாளிகள் எல்லாரும் போனபின், பாக்கியமேரி ஒரு காலிக் குப்பியோடு வந்து நின்றாள்.

"தேய்க்கிற தைலம் கொஞ்சம் வேணும்மா. அவருக்கு வலது தோளு தூக்க முடியலை."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஹேண்டில் சுத்திச் சுத்தித்தாம்மா. இன்னிக்குக் காலையிலயும் இருபது சுத்து."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே குப்பியை வாங்கினார். "சுத்தட்டும், சுத்தட்டும். அதுவும் அவனுக்கு ஒரு ஆசைதானே? நீ போயி அவன்கிட்ட சொல்லு, பாக்கியம். வண்டி இனி எங்கேயும் போகாது. எனக்குப் புதுக் காரே வந்துச்சு. வேணாம்னு நேத்துதான் எழுதிப் போட்டேன். எல்லாம் அவனுக்காகத்தான்."

பாக்கியமேரி வாயைத் திறந்தவள் மூடவில்லை.

"அவருக்காகவா?" என்றாள். "ஐயோ அம்மா, பஸ் கம்பெனியிலேருந்து டிரைவர் வேலைக்கு மூணு தடவை ஆர்டர் வந்துச்சு, 'இந்தச் சனியன் மேல டாக்டரம்மா உசுரையே வச்சிருக்காங்க, என்னை விட்டா யாரு ஹேண்டில் போடுவாங்க'ன்னு மூணையும் கிழிச்சுப் போட்டுட்டாரும்மா!"