ஹின்னர்க்கின் கறுப்புச் சூரியகாந்தி

படத்தில் பூ கறுப்பாகவே விழுந்திருந்தது. இது ஏழாவது முறை.

கெஸீனா கேமராவின் சின்னத் திரையைக் கையால் மறைத்து, வெயில் படாமல் மறுபடி பார்த்தாள். இடப்பக்கம் அவளுடைய சொந்தச் சூரியகாந்தி: நடுவில் இருட்டு, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று ஒரு வளையம். வலப்பக்கம், வேலிக்கு அந்தண்டை நிற்கும் ஹின்னர்க்கின் சூரியகாந்தி: நடுவும் கறுப்பு, இதழும் கறுப்பு. அடுப்புக்கரியில் செய்து வைத்தது போல.

நிமிர்ந்து வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள்.

வாரத்தில் ஐந்து நாள் பிரேமன் நகரத்தில் பொய்ப்பல் செய்வது கெஸீனாவின் தொழில். மீதி நேரமெல்லாம் தேனீயின் கண்ணுக்கு இந்த உலகம் எப்படித் தெரியும் என்ற ஒரே யோசனைதான். நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளி தேனீக்கு எட்டும். அதைப் படம் பிடிப்பதற்காகவே ஒரு பழைய கேமராவைப் பிரித்து, உள்ளே இருந்த தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முன்னால் புற ஊதாவை மட்டும் விடுகிற கரிய கண்ணாடியை மாட்டி வைத்திருந்தாள். மாட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது. முதலில் குறி பார்த்து, பிறகு கண்ணாடியை மாட்டி, பொத்தானை அழுத்தி, எட்டு எண்ண வேண்டும். அதுவரை பூ ஆடக் கூடாது. பிரேமன் காற்றுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

புற ஊதாவில் எந்தச் சூரியகாந்தியும் தேனீயைப் பார்த்து 'இங்கே வா, தேன் இங்கேதான்' என்று வளையம் காட்டிக் கூப்பிடும். ஹின்னர்க்கின் பூ மட்டும் வாயே திறக்கவில்லை. மூன்று நாளில் ஒரு தேனீ கூட அதில் உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை.

லென்ஸைத் துடைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். இன்னும் கிட்டே போய்ப் பார்த்துவிடலாம் என்று கேமராவின் முக்காலியில் ஒரு காலை வேலிக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் ஊன்றினாள். அது ஹின்னர்க்கின் நெல்லிச் செடிக்குள் நொறுக்கென்று இறங்கியது.

"மொய்ன், கெஸீனா." அந்த ஊர் வணக்கத்தைச் சொல்லிக்கொண்டே செடிக்குப் பின்னாலிருந்து ஹின்னர்க் எழுந்தார். ஓய்வுபெற்ற படகு ஓட்டி. ஆறடிக்கு மேல் உயரம். "என் தோட்டத்துல உன் கேமராவுக்கு என்ன வேலை?"

"உங்க பூ அழகா இருக்கேன்னு ஒரு படம்…"

அவர் முகம் மலர்ந்தது. "அழகுதான். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு நிக்குது. அது என்ன, கண்ணாடி கன்னங்கரேல்னு இருக்கு?"

"கண்ணுக்குத் தெரியாததை எடுக்கிற கேமரா இது."

மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. "தெரியாததுன்னா… எதெல்லாம் தெரியும்?"

"அதைத்தான் நானும் கண்டுபிடிக்கப் பாக்கறேன். ஒரே ஒரு இதழ் தர்றீங்களா?"

"தொட்டுடாதே!" என்றார் ஹின்னர்க். ஒன்பது வருடமாகப் பக்கத்துத் தோட்டக்காரர். ஒருநாளும் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. "ஆறு வருஷமா எனக்கு ரெண்டாம் பரிசு. இந்த வருஷம் இதை யாரும் தொடக் கூடாது."

இதழ் கிடைக்கவில்லை. ஆனால் படங்கள் இருந்தன. அவற்றைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆராய்கிற டாக்டர் கெஸ்ஸமையர் என்ற அம்மாவுக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. 'இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. சனிக்கிழமை வருகிறேன். கருவிகள் நிறைய. காரை உள்ளே விடுவார்களா?'

நகரத்து ஆட்கள் ஆளுக்கொரு துண்டுத் தோட்டம் வாடகைக்கு எடுத்திருக்கிற அந்தத் தோட்டக் காலனிக்குள் கார் வர வேண்டுமானால் தலைவர் வூபோவிடம் கேட்க வேண்டும். வூபோ எப்போதும் விதிப்புத்தகமும் கையுமாகத் திரிபவர். கெஸீனாவின் வேலி எட்டு சென்டிமீட்டர் உயரம் கூடிப்போனதற்கு ஒன்று, முக்காலியைப் பொதுப்பாதையில் நிறுத்தியதற்கு ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார். மூன்றாவது வந்தால் தோட்டத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

"காரா? எதுக்கு?"

"ஹின்னர்க்கோட சூரியகாந்தியில என்னமோ வித்தியாசமா இருக்கு. ஒரு நிபுணர் வந்து பாக்கணும்."

"வித்தியாசம்னா? வெளியில தெரியலையே."

"வெளியில தெரியாதுங்க."

வெளியில் தெரியாத, நிபுணர் வந்து பார்க்க வேண்டிய விஷயம் என்றால் வூபோவின் புத்தகத்தில் அதற்கு ஒரே பெயர்தான். மாலைக்குள் ஹின்னர்க்கின் தோட்டத்தைச் சுற்றிச் சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டப்பட்டுவிட்டது. வாசலில் ஒரு அறிவிப்பு: 'செடிநோய் சந்தேகம். போட்டியிலிருந்து நீக்கம்.'

ஹின்னர்க் நாடாவுக்கு உள்ளே, கையில் தொப்பியோடு நின்றார். திட்டியிருந்தால்கூடக் கெஸீனாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் வூபோவைத் தேடி ஓடினாள். புல்வெளியில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காக மேசை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னாள்: "நோயெல்லாம் ஒண்ணும் இல்லை! உலகத்துலயே எங்கேயும் இல்லாத அபூர்வமான பூ அது!"

"அபூர்வமா?" என்றார் வூபோ. விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "அபூர்வச் செடி… பிரிவு இருபத்தேழு. ஐம்பது மீட்டருக்குள்ள புல் வெட்டக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது." புத்தகத்தை மூடினார். "மேசையெல்லாம் எடுத்துடுங்கப்பா. விருந்து கிடையாது."

"என்னது? எழுபது சாசேஜ் வாங்கியாச்சு!" என்று யாரோ அலறினார்கள்.

அதற்குப் பிறகு காலனியில் ஒருத்தரும் கெஸீனாவுக்கு 'மொய்ன்' சொல்லவில்லை. வூபோ மட்டும் சொன்னார், கூடவே இதையும் சொன்னார்: "அபூர்வம்னு நிரூபணம் ஆகலேன்னு வெச்சுக்கோங்க, விருந்தைக் கெடுத்ததுக்கு மூணாவது கடிதம் தயாரா இருக்கு."

இனி இந்த வம்பே வேண்டாம் என்று தீர்மானித்தாள். டாக்டருக்கு எழுதினாள்: 'தயவுசெய்து வர வேண்டாம். பூவைப் பற்றி யாரிடமும் பேசவும் வேண்டாம்.'

கடிதத்தைப் படித்த டாக்டர் கெஸ்ஸமையருக்கு ஒன்றுதான் தோன்றியது: வேறு ஏதோ பல்கலைக்கழகம் முந்திக்கொண்டது! சனிக்கிழமை வர இருந்தவர் வெள்ளிக்கிழமை மத்தியானமே காரோடு வந்து வாசலில் ஹாரன் அடித்தார். சத்தமே போடக் கூடாத ஓய்வு நேரம் அது. காலனி மொத்தமும் எழுந்து வந்துவிட்டது.

ஒல்லியான அம்மா, குரல் மட்டும் கணீரென்று இருந்தது. "எங்கே அது? யாரும் தொடலையே?"

"தொட விட மாட்டாருங்க," என்றாள் கெஸீனா.

"நல்ல மனுஷன்!"

ஹின்னர்க் நாடாவுக்குள் மரம் மாதிரி நின்றார். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, தன் புற ஊதா கேமராவை முக்காலியில் பூட்டி, பூவைச் சுற்றி அட்டையால் காற்றை மறைத்துப் படம் எடுத்தார். எட்டு எண்ணுகிற வரை வேலியோரமாக நின்ற நாற்பது பேரும் மூச்சு விடவில்லை. டாக்டர் திரையைப் பார்த்தார். கெஸீனாவும் எட்டிப் பார்த்தாள்.

கறுப்பு. கன்னங்கரிய கறுப்பு.

"என் கேமரா மேல தப்பில்லை!" என்று கெஸீனா கத்திவிட்டாள். நாலு நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு கத்தலில் வெளியே போனது.

டாக்டர் பூவுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார். "வாசனைகூட வேற மாதிரி இருக்கே! சூரியகாந்திக்கு ஏது தேங்காய் வாசனை?"

"தேங்காயா?" வூபோவும் குனிந்து மோந்தார். "ஆமா, தேங்காய்தான்."

"தேனீக்குத் தன்னை மறைச்சுக்கிட்டு, வாசனையையும் மாத்திக்கிட்டு… இது வேற எதையோ கூப்பிடுது. எதைன்னு தெரியலை!" டாக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "இதுக்கு ஒரு பேர் வைக்கணும். வளர்த்தவரோட பேரே வைக்கலாம். ஐயா, உங்க முழுப்பேர் என்ன?"

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். சாசேஜ் வாங்கியவரும் தட்டினார். வூபோ தன் சட்டைப்பையிலிருந்த மூன்றாவது கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். கெஸீனா ஹின்னர்க்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க. ஆனா பாத்தீங்களா, முதல் பரிசைவிடப் பெரிசு!"

ஹின்னர்க் மெல்லக் கையை உருவிக்கொண்டு தரையைப் பார்த்தார். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்து போயிருந்தது. சந்தோஷத்தில்தான் அப்படி என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"முழுப் பூவும் வேணும். இப்பவே வெட்டி ஆய்வகத்துக்குக் கொண்டு போகணும்," என்று டாக்டர் கத்தரியை எடுத்தார். "உங்களுக்குச் சம்மதம்தானே?"

அந்த நேரம் குடிசைக் கதவைத் திறந்துகொண்டு, ஒரு தட்டு நிறைய வெண்ணெய்க் கேக்கோடு ஹின்னர்க்கின் மனைவி மேட்டா வெளியே வந்தாள். காது கொஞ்சம் மந்தமானதால் இத்தனை நேரமும் உள்ளேயே இருந்துவிட்டாள். கத்தரியைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் நிம்மதி.

"வெட்டுங்கம்மா, நல்லா வெட்டுங்க! போட்டிக்குள்ள வெயில்ல நிறம் மங்கிடக் கூடாதாம், தினமும் காலையில என்னோட தேங்காய் வாசனை சன்ஸ்கிரீனைப் பிரஷ்ஷுல எடுத்து இதழ் இதழா பூசிக்கிட்டு இருக்காரு இந்த மனுஷன். இதோட மூணாவது டியூப்!"