வெறுங்கால் மேஸ்திரியும் காய்ச்சல் கண்ட புல்லும்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குள் சேஃப்டி ஷூ இல்லாமல் நுழைந்து, பன்னிரண்டு நாள் வேலையும் பார்த்துவிட்டு, முழுதாக வெளியே போன ஒரே மனிதர் வெறுங்கால் மேஸ்திரிதான். செக்யூரிட்டி ஷூவை நீட்டினால், செத்த எலியை நீட்டியதுபோல் பார்ப்பார். காலில் பட்டால்தான் மண்ணின் மேடு பள்ளம் தெரியும் என்பது அவர் கட்சி. அவருடைய சொந்தப் பெயர் கேட் பாஸில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் படித்ததில்லை.

அவரை அழைத்து வந்த பாவி நான். நிர்வாகப் பிரிவில் எனக்குப் புரொபேஷன் முடிய ஒரு மாதம் இருந்தது. வெளிநாட்டுக் கஸ்டமர்கள் வருகிறார்கள், பன்னிரண்டாம் நாள் ஆபீஸ் வாசலில் புல்தரை இருந்தாக வேண்டும் என்றார் எம்.டி. இல்லாவிட்டால் என் கன்ஃபர்மேஷனைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதெல்லாம் நடந்திருக்கிறது.

மேஸ்திரியோ ஏழு நாளாகப் புல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. கொத்தினார். கட்டடம் கட்டியபோது புதைத்த சிமெண்ட் கட்டிகளைத் தோண்டிக் குவித்தார். மணலும் மக்கிய சாணி எருவும் கலந்தார். கயிறு கட்டி, பலகை இழுத்து, சமன் செய்தார். ஆட்களைக் கன்னடத்திலும் மண்ணைத் தெலுங்கிலும் திட்டினார். தமிழை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். நான் அசிடிட்டி மாத்திரையில் உயிர் வாழ்ந்தேன்.

எட்டாம் நாள் புல் வந்தது. மண்ணோடு பெயர்த்து, சதுரம் சதுரமாக வெட்டி, லாரியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மெக்சிகன் புல். கேட்டிலேயே குவாலிட்டி இன்சார்ஜ் மறித்தார். எந்தச் சரக்கானாலும் இன்ஸ்பெக்‌ஷன் முடியாமல் உள்ளே விடமாட்டார் அவர். ஒரு சதுரத்தை எடுத்து வெர்னியர் காலிப்பரால் தடிமன் பார்த்தார். நாலு மூலையிலும் நாலு அளவு. டிராயிங் எங்கே என்று கேட்டார். புல்லுக்கு யாரிடம் டிராயிங் இருக்கும்? லாரியில் மஞ்சள் 'ஹோல்டு' அட்டையைக் கட்டிவிட்டு கேன்டீனுக்குச் சாப்பிடப் போய்விட்டார். உச்சி வெயிலில் லாரி நின்றது. இந்தப் புல் போனால் வேறு புல் வெட்டி வர நாள் இல்லை. புல்லோடு என் வேலையும் போகும்.

மேஸ்திரி கத்தவில்லை. கேன்டீனுக்குப் போய் இன்சார்ஜைக் கையோடு கூட்டி வந்து, அந்தக் கையை அடுக்கின் நடுவே மணிக்கட்டு வரை செருகினார். இன்சார்ஜ் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளே அப்படிச் சூடு.

"காய்ச்சல் கண்டிருச்சு சார். இன்னும் ரெண்டு மணி நேரம் போச்சுன்னா வெந்துரும். அப்புறம் உங்க அட்டையத்தான் நட்டு வெக்கணும்."

அட்டை கழன்றது. செங்கல் வரிசைபோல் மூட்டுக்கு மூட்டு தள்ளிப் பதித்து, உருளை ஓட்டி, தண்ணீர் விட்டு, பொழுது சாய்வதற்குள் முடித்தார். இன்சார்ஜும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சதுரம் சுமந்தார்.

பன்னிரண்டாம் நாள் வாசல் பச்சைப் பசேலென்று இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. எம்.டி. கஸ்டமர்களோடு காரிலிருந்து இறங்கி, போட்டோ எடுக்க நேராகப் புல்லை நோக்கி நடந்தார். குறுக்கே வந்து நின்றார் மேஸ்திரி.

"சாமி, ஓரமா வாங்க. இன்னும் வேர் புடிக்கல. மிதிச்சா செத்துரும்."

எம்.டி. சிரித்தார். யார் இவரை உள்ளே விட்டது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"உங்கள புல்லு மேல விட்டுரச் சொல்லி இந்த சார் காலையில இருந்து கெஞ்சுறாரு சாமி. நான்தான் கேக்கல. திட்றதுன்னா என்னைத் திட்டுங்க."

சத்தியமாக நான் கெஞ்சவில்லை. எம்.டி. நேராகப் புல்லுக்கு வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கஸ்டமர்களில் மூத்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் குனிந்து, ஒரு மூலையை லேசாகத் தூக்கிப் பார்த்தார். அடியில் நூல் நூலாக நாலைந்து வெள்ளை வேர் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. மூலையைப் பதமாக அமுக்கிவிட்டு, சிமெண்ட் பாதையில் சுற்றிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். கடைசியாக எம்.டி.யும் போனார். அடுத்த மாதம் எனக்குக் கன்ஃபர்மேஷன் கடிதம் வந்தது.

இப்போது அந்தப் புல் நன்றாக வேர் பிடித்துவிட்டது. கேன்டீனுக்குப் போகிற எல்லாரும் அதன்மேல்தான் நடக்கிறார்கள், எம்.டி. உட்பட. நான் மட்டும் இன்னும் சுற்றித்தான் போகிறேன். அந்த மனுஷன்மேல் இருக்கிற பிரியத்தை வேறு எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.