இரண்டே நொடியில் டாஸ்

மனிதர்களில் கறுப்புத் திரைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது. எல்லாரையும் போல வேலைக்குப் போவார், பில் கட்ட வரிசையில் நிற்பார், கல்யாணம்கூடச் செய்துகொண்டிருப்பார். ஆனால் யாராவது அவர் எதிரில் புதுக் கம்ப்யூட்டரைத் திறந்து, திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் போதும். தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார்.

"டாஸா இருந்தா ரெண்டே நொடிதான்."

டாஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்க அந்தக் காலத்தில் இருந்த ஏற்பாடு. படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. கறுப்புத் திரை, அதில் கண் சிமிட்டும் ஒரு சின்னக் கோடு. என்ன வேண்டும் என்று நீங்கள்தான் தட்டச்சு செய்து சொல்ல வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் 'தவறான கட்டளை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். உலகம் அதைத் தலைமுழுகி வெகுகாலம் ஆகிறது. கறுப்புத் திரைக்காரர் மட்டும், நேற்று வாங்கிய மடிக்கணினியிலும் அதை ஓட்டியே தீருவது என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கண்ணாடியைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டு நொடிக்குப் பின்னால் மூன்று வார உழைப்பு இருக்கிறது என்பதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை. புதுக் கம்ப்யூட்டரின் ஒலி டாஸின் காதில் விழாது, பிரிண்டர் கண்ணில் படாது, நினைவகம் தேவைக்கு மேல் இருப்பதால் திக்குமுக்காடிப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் உண்டு, வைத்தியத்துக்கு ஒரு கோப்பு உண்டு, கோப்புகளுக்குள் முன்னுரிமைச் சண்டையும் உண்டு. மவுஸை முதலில் ஏற்றினால் ஒலி கோபித்துக்கொள்ளும், ஒலியை முதலில் ஏற்றினால் மவுஸ் செத்துக் கிடக்கும். எல்லாம் சரியாகிவிட்டால் என்ன செய்வோம்? அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்போம்.

இன்னொரு கொள்கையும் உண்டு. டாஸில் கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் பெயர் வைப்பது ஆடம்பரம் என்பது என் கட்சி. என் மகள் பெயருக்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. அவள் மார்க் ஷீட்டுகள் இருக்கும் கோப்புறையில் கடைசி எழுத்தை நான் வெட்டிவிட்டதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

இதெல்லாம் என் பழைய மேசைக் கணினியோடு நின்றிருந்தால் வீட்டில் அமைதி நிலவியிருக்கும். என் மனைவி செவிலியர். பதினான்கு வருஷம் வார்டு வார்டாக நடந்தவள், இன்னொரு மருத்துவமனையில் தலைமைச் செவிலியர் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்காணல் காலை பத்து மணிக்கு, வீடியோவில். அதற்கென்றே புது மடிக்கணினி வாங்கினாள். "இதை மட்டும் தொடாதீங்க" என்று கைகூப்பியும் சொல்லியிருந்தாள்.

ஒன்பதரை மணிக்கு அவள் குளிக்கப் போனாள். மடிக்கணினி மேசைமேல் தனியாக இருந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன். புது மடிக்கணினிகளில் அந்நிய ஆள் நுழையாமல் தடுக்க ஒரு பூட்டு இருக்கும். அதை அணைத்தேன், டாஸ் இருந்த என் பென் டிரைவைச் செருகினேன், மறுபடி போட்டேன். ஒலி வரவில்லை. கோப்புகளை வரிசை மாற்றினேன். மவுஸ் போயிற்று. மீண்டும் மாற்றினேன். பத்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது கறுப்புத் திரையும் வந்து, ஒலியும் வந்தது. 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"வந்துடுச்சு! ஓடி வா!"

தலையைத் துவட்டிக்கொண்டே ஓடி வந்தாள். "நேர்காணல்காரங்களா?"

"டாஸ்!"

அவள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். பதறிப்போய் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மடிக்கணினியை அணைத்துப் போட்டேன். நீலத் திரை வந்தது. பூட்டில் யாரோ கைவைத்திருக்கிறார்கள், நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கொடு என்றது. சாவி பத்திரமாகத்தான் இருந்தது. நான் வைத்த எட்டெழுத்துப் பெயரில் ஒரு கோப்பாக, அதே மடிக்கணினிக்குள்.

"எதையோ மாத்தினீங்கல்ல? அதைத் திருப்பி மாத்துங்களேன்."

"மாத்தலாம். ஆனா இவ்வளவு கஷ்டப்பட்டு ஒலி வந்திருக்கு..."

நான்தான் அப்படிச் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது. அவளுடைய பதினான்கு வருஷத்துக்கு எதிரில் நான் ஒரு 'டிங்'கை வைத்தேன்.

அவள் கைபேசியை இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் நிற்க வைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் படத்தில் விழாமல் இருக்க, மடிக்கணினியோடு மேசைக்கு அடியில் புகுந்தேன். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். கடைசியில் ஒரு அம்மாள் கேட்டார்: "எந்த மருந்துக்கும் கேக்காத, யார் சொன்னாலும் கேக்காத நோயாளிங்க வருவாங்க. அவங்களை எப்படிச் சமாளிப்பீங்க?"

என் மனைவி கைபேசியை எடுத்து மேசைக்கு அடியில் காட்டினாள்.

"இவரோட பதினோரு வருஷமா குடும்பம் நடத்தறேன், மேடம்."

சிரிப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் நீலத் திரையை மடியில் வைத்துக்கொண்டு கும்பிட்டேன். வேறென்ன செய்வது? வேலை கிடைத்துவிட்டது. நான் தோற்ற மனதோடு பூட்டைப் பழையபடி போட்டேன். மடிக்கணினி ஒரு கேள்வியும் கேட்காமல் திறந்துகொண்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். டாஸ் எந்தப் பக்கம் என்றே தெரியாத உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லைதான். ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில், உங்களைத் தவிர வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாத சாமான் ஏதாவது இருக்கிறதா? எங்கே தட்டினால் ஓடும் என்று உங்களுக்கு மட்டுமே தெரியும். "புதுசு வாங்கிடலாமே" என்று யாராவது சொன்னால் உங்கள் குரல் ஒரு படி ஏறும். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். பக்கத்து அறையில் இருப்பவர் உங்களுக்கு முன்பே பதில் சொல்லி முடித்துவிட்டார்.