சொச்சம் சார்

திண்டுக்கல்லில் ஒரு எண்ணை முழுசாகச் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் கல்லூரி இயற்பியல் வாத்தியார்தான். எதைக் கேட்டாலும் பின்னால் 'சொச்சம்' என்பார். அதுவே பேராகிவிட்டது. பஸ்ஸில் "நிலக்கோட்டை சொச்சம்" என்று டிக்கெட் கேட்டு, கண்டக்டர் அவரை ஊர் தாண்டி இறக்கிவிட்ட கதையும் உண்டு.

மிளகளவு எரிபொருள் உருண்டையை நாலா பக்கமும் லேசரால் அடித்து நசுக்கினால், சூரியனுக்குள் நடக்கிற மாதிரி அணுக்கள் சேரும். அதற்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பதினோரு வருடமாக அது முடியவில்லை.

"ஒரே சீரா நசுங்குனா இம்புட்டுப் போதும்யா. எங்க நசுங்குது? ஒரு பக்கம் பிதுங்குது. எம்புட்டுப் பிதுங்கும்னு எவனுக்குத் தெரியும்? லேசரு வேற வாங்குற கரண்டுல முக்காலே மூணுவீசத்த முழுங்கிருது" என்பார்.

டாக்டர் பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சார் அவசரமாக ஆய்வேட்டை எழுதி, ஆங்கிலம் திருத்த என்னிடம் கொடுத்தார். நான் ஆங்கில வாத்தியார். பக்கத்துக்குப் பக்கம் 'இருக்கலாம்', 'ஒருவேளை', 'இதிலிருந்து இதுவரை'. இப்படி இழுத்தால் எவன் பட்டம் கொடுப்பான்? அத்தனையையும் வெட்டிவிட்டு, இரண்டு எண் இருந்த இடத்திலெல்லாம் சின்ன எண்ணை மட்டும் நிறுத்தினேன். நடை பளிச்சென்று ஆனது. மடையன், அதில் எனக்குப் பெருமை வேறு. என்னை நம்பி அவர் திரும்பப் படிக்காமலே பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வில் நானும் கடைசி வரிசையில் இருந்தேன்.

"இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றீங்க? கூடக் குறைய எவ்வளவுன்னு எங்கேயுமே இல்லையே?" என்றார் தேர்வாளர்.

சார் பக்கங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தார்.

"விட்டுப்போச்சுங்க சார். என் தப்புதான்" என்றார்.

மறுபடி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நிர்வாகம் அதுவரை காத்திருக்கவில்லை. அவர் மேஜையைக் காலி செய்த அன்று கேட்டேவிட்டேன்.

"நான்தான் வெட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?"

"ஒரு மாசம் உக்காந்து திருத்திக் குடுத்த அப்பு. அம்புட்டுப் பேரு முன்னாடி உன்னய எப்படிக் காட்டிக்குடுக்க?"

ஆயக்குடிப் பக்கம் டியூஷன் எடுத்துக் காலத்தை ஓட்டுகிறார். பல்கலைக்கழகத்தில் பதிவும் காலாவதியாகிவிட்டது. இனி அந்த ஆய்வேட்டை வாங்கிப் படிக்க ஆளில்லை. போன வாரம் காகிதக் கட்டோடு வீட்டுக்கு வந்தார். முழுக்க மறுபடி எழுதியிருக்கிறார்.

"இங்கிலீசச் செத்த பாத்துக் குடு அப்பு. எனக்கு வேற யாரு இருக்கா?" என்றார்.

வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.